ஜன்னல் சீட்டும் ஒரு பெரிய வண்டியும்

சடையப்பன் வாங்கிய வண்டி குவார்ட்டர்ஸ் கேட்டுக்குள் நுழையவில்லை. இதை வண்டி வீட்டுக்கு வந்த அன்றுதான் கண்டுபிடித்தார்கள். மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு கம்பீரமாக வந்த வண்டி, கேட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சைடு கண்ணாடியை மடக்கிப் பார்க்கச் சொன்னார் ஒருவர். கேட்டையே கழற்றிவிடச் சொன்னார் இன்னொருவர். கேட்டு கம்பெனி சொத்து, அதில் கை வைக்க எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். கடைசியில் வண்டி தெருவிலேயே வேப்பமரத்தடியில் தங்கிவிட்டது. அன்று முதல் அந்த வட்டாரத்துக் காக்கைகளுக்கெல்லாம் கொண்டாட்டம்தான்.

வண்டியின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் அதை வைத்திருக்கிற மற்ற ஓனர்கள் சண்டைக்கு வருவார்கள். மலை ஏறும், ஆறு தாண்டும், பாலைவனத்தில் பறக்கும் என்று விளம்பரத்தில் காட்டுவார்களே, அந்த ரகம். நெய்வேலியில் மலை என்று இருப்பது சுரங்கத்தில் வெட்டிக் கொட்டிய மண்மேடு ஒன்றுதான். அதில் ஏறுவதற்கும் பாஸ் வேண்டும்.

சடையப்பனுக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் ஃபோர்மேன் வேலை. சேத்தியாத்தோப்பில் அவர் மனைவி செந்தாமரைக்கு அவள் அப்பா விட்டுப்போன ரோட்டோர நிலம் நல்ல விலைக்குப் போனது. அந்தப் பணம் கைக்கு வந்த நாளிலிருந்து சடையப்பனுக்குத் தூக்கம் போய்விட்டது. வாழ்நாளில் ஒரு தடவையாவது அப்படி ஒரு வண்டியில் உட்கார்ந்து ஊரைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆனால் மனிதர் அவசரக்காரர் இல்லை. ஏற்கெனவே அந்த வண்டியை வைத்திருக்கும் ஓனர்களைத் தேடிப் பிடித்துக் கருத்துக் கேட்ட பிறகுதான் முடிவெடுத்தார்.

முதலில் கேட்டது பல் டாக்டரை. சொத்தைப் பல்லைக் காட்டுகிற சாக்கில் போய் விஷயத்தை எடுத்தார். டாக்டர் அவர் வாயைத் திறக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்து, மெஷினை உள்ளே விட்ட பிறகுதான் பேச ஆரம்பித்தார். "அதுமாதிரி ஒரு வண்டி கிடையாது சடையப்பன். ஒருநாள் ஓட்டினீங்கன்னா முதுகுவலியே பறந்துடும். கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க." மைலேஜ் எவ்வளவு, சர்வீஸ் எங்கே என்று சடையப்பனிடம் நிறையக் கேள்விகள் இருந்தன. வாயில் பஞ்சு இருந்ததால் "ஆ, ஆ" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அதையே டாக்டர் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

சேத்தியாத்தோப்பு ரைஸ்மில்காரர் இன்னும் ஒருபடி மேலே போனார். "நான் சொல்ல ஒன்னுமில்ல. உக்காந்து பாத்தா உங்களுக்கே தெரியும், ராஜா மாதிரி இருக்கும்" என்றார். ஒரு கான்ட்ராக்டர், போனிலேயே வண்டியின் ஹாரனை அடித்துக் காட்டினார். மூன்று பேரில் ஒருவர்கூடக் குறை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சடையப்பன் பதிவு செய்துவிட்டார்.

வாங்கிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பல் டாக்டர் முதுகில் பெல்ட் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளினிக்குக்குப் போகிறார். ரைஸ்மில்காரரின் வண்டி மில் ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது, அதன் மேல் ஒரு கோழி அடைகாக்கிறது. "அது வெளியூருக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் மொபெட்டை உதைத்துக் கிளம்பினார். கான்ட்ராக்டர் இப்போது போனே எடுப்பதில்லை. அப்போதுதான் சடையப்பனுக்கு ஒன்று புரிந்தது. வண்டி வாங்கியவனிடம் போய் வண்டி எப்படி என்று கேட்கவே கூடாது. பெண் எடுத்த வீட்டைப் பற்றி மாப்பிள்ளையிடம் மாமனார் முன்னால் வைத்துக் கேட்கிற மாதிரிதான் அது.

இதெல்லாம்கூட அவரால் தாங்க முடிந்தது. தாங்க முடியாதது பஸ்ஸை இழந்ததுதான்.

ஜெனரல் ஷிஃப்ட்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் அவருக்கு ஒரு ஜன்னல் சீட்டு இருந்தது. அந்த பஸ்ஸில் சீட்டு என்பது சும்மா கிடைக்காது. புதிதாக வருகிறவர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டுதான் வர வேண்டும். யாராவது ரிட்டயர் ஆகும்போதோ மாற்றலாகிப் போகும்போதோ, தனக்குப் பிடித்த ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்துத் தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டுப் போவார். எவ்வளவு பெரிய அதிகாரிக்குச் சொந்தக்காரராக இருந்தாலும் இந்த முறையை மீற முடியாது. சடையப்பன் பல வருஷம் நின்று வாங்கிய சீட்டு அது. பக்கத்தில் பீர் முகமது உட்காருவார். பீர் முகமதுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை, இவருக்கு மைன்ஸில். இரண்டு பேரும் பார்த்துக்கொள்வது பஸ்ஸில் மட்டும்தான். ஆனால் ஊரில் நடக்கிற கல்யாணம், யூனியன் சண்டை, யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை அந்த இரண்டு சீட்டுக்கும் வராத சேதி கிடையாது. பீர் முகமதின் மனைவி சித்தீகா கொடுத்தனுப்பும் இஞ்சிச் சட்னிக்கு மைன்ஸ் போய்ச் சேரும் வரைகூட ஆயுள் இருந்ததில்லை.

இப்போது சடையப்பன் தனியாக, ஏசியில், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போகிறார். பேச்சுத்துணைக்கு வண்டிக்குள் ஒரு பெண் குரல் இருக்கிறது. இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று வழி சொல்லும். இருபது வருஷத்துக்கு மேல் போய்வருகிற மைன்ஸுக்கு அவருக்கு எதற்கு வழி? ரவுண்டானாவில் தினமும் அந்த பஸ் அவரைக் கடக்கும். ஜன்னல்களிலிருந்து கைகள் ஆடும். இவரும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்குவார். பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அந்தக் கை இறங்கும்.

திரும்பவும் பஸ்ஸிலேயே போய்விட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் மாட்டிக்கொண்டார். வண்டி வந்த வாரம் பஸ்ஸில் பால்கோவா கொடுக்கும்போது, மனிதர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இனிமே இந்தத் தகர டப்பாவுல எவன் வருவான்!" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். டிரைவர் சின்னதுரைகூட ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இப்போது எந்த முகத்தோடு போய் அதே படியில் ஏறுவது? வண்டி ரிப்பேரா, டீசல் போட வழியில்லையா என்று கம்பெனி நகரியம் முழுக்கக் கேட்கும்.

இதற்கிடையில் இன்னொன்றையும் அவர் ரவுண்டானாவில் பார்த்தார். அவருடைய ஜன்னலோரத்தில் பீர் முகமது உட்கார்ந்திருந்தார். பக்கத்துச் சீட்டில் ஒரு துண்டு விரித்துக் கிடந்தது. கால்வாரிவிட்டானே பாவி என்று சடையப்பனுக்கு வயிறு எரிந்தது.

ஆயுதபூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. லீவுக்கு முந்தின வேலை நாளன்று பஸ்ஸுக்கும் பூஜை உண்டு. வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பொரி பொட்டலம் கொடுப்பார்கள். ஆள் வராமல் காலியாக இருக்கும் சீட்டை அன்றைக்குத்தான் வேறு ஒருவருக்குக் கொடுப்பார்கள். கொடுத்தால் கொடுத்ததுதான். சடையப்பன் வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, காலண்டரில் அந்தத் தேதியைத் தினமும் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் பீர் முகமது டூவீலரில் வந்து இறங்கினார். வேப்பமரத்தடியில் நின்ற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பானெட்டின் மேல் செந்தாமரை வடகம் காயப் போட்டிருந்தாள். நல்ல சூடு, நாய்க்கும் எட்டாது. சடையப்பன் அவசரமாக வடகத் துணியைச் சுருட்டி எடுத்தார்.

"அண்ணே, நானும் இதே மாதிரி ஒன்னு வாங்கலாம்னு இருக்கேன். ஓனருங்கற முறையில உங்க கருத்தக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். உள்ளது உள்ளபடி சொல்லுங்கண்ணே" என்றார் பீர் முகமது.

சடையப்பனின் மூளை அன்றைக்கு ஓடிய வேகத்தில் அந்த வண்டிகூட ஓடியிருக்காது. இவன் வண்டி வாங்கினால் பஸ்ஸை விட்டுவிடுவான். பஸ்ஸை விட்டால் என் சீட்டு காலி. அப்புறம் ஒரு வாரம் கழித்து, ரெண்டு பேரும் டீசலை மிச்சம் பிடிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு சேர்ந்தே போய் ஏறிவிடலாம். ஒருத்தன் ஏறினால்தான் கேலி, ரெண்டு பேர் ஏறினால் அது கொள்கை. பல் டாக்டரின் முகம் ஒரு கணம் நினைவுக்கு வந்தது. இதற்குத்தானா நீயும் பஞ்சை அடைத்தாய் என்று நினைத்துக்கொண்டார்.

"பீரு, இதுமாதிரி ஒரு வண்டி கெடையாது" என்று ஆரம்பித்தார். "கண்ண மூடிக்கினு வாங்கு. நான் இத்தன வருஷம் அந்த பஸ்ஸுல குலுங்கிக்கினு வந்தத நெனச்சா எனக்கே சிரிப்பா வருது."

"அப்படியாண்ணே? காட்டு வழியெல்லாம் போகுங்கறாங்களே?"

"பறக்கும்! ஏறு, காட்டுறேன்."

வண்டி நகரியத்தைத் தாண்டி, மெயின் ரோட்டை விட்டு, முந்திரிக்காட்டு வண்டிப்பாதையில் இறங்கியது. சடையப்பன் அதைக் காட்டில் இறக்குவது அன்றைக்குத்தான் முதல் தடவை. முந்திரிக் கிளைகள் தாழ்ந்து, இரண்டு பக்கமும் கதவைக் கிறீச் கிறீச் என்று கீறிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு கீறலும் அவர் முதுகிலேயே விழுந்தது. வெளியே பல்லைக் காட்டிக்கொண்டு ஓட்டினார்.

"கிளை உரசுதேண்ணே, பெயின்ட்டு போயிடாதா?"

"உரசட்டுமே! உரசத்தானே இந்த வண்டி!"

"அப்ப இன்னும் கொஞ்சம் ஓரமா போங்களேன். அந்த முள்ளுக்குப் பக்கத்துல."

போனார். கண்ணில் நீர் முட்டியது. ஏசிக் காற்று கண்ணில் படுகிறது என்று சொல்லிச் சமாளித்தார். வழி சொல்லும் பெண் குரல், திரும்பிப் போ, திரும்பிப் போ என்று கெஞ்சியது. அவளுக்கிருந்த புத்திகூட எனக்கில்லையே என்று நினைத்தார்.

கொஞ்ச தூரத்தில் பாதைக்குக் குறுக்கே மழைத்தண்ணீர் குட்டையாகத் தேங்கியிருந்தது. பீர் முகமதுக்கு ஒரே உற்சாகம். "அண்ணே, ஆறே தாண்டுமாமே! இறக்குங்க, இறக்குங்க!"

சடையப்பன் கீழே இறங்கினார். செருப்பைக் கழற்றினார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, ஒரு குச்சியை எடுத்துத் தண்ணீரில் விட்டு ஆழம் பார்த்தார். குச்சியை முகர்ந்தும் பார்த்தார். அது எதற்கென்று அவருக்கே தெரியாது. அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கமிருந்து ஒரு அம்மாள் மொபெட்டில் முந்திரி விறகைக் கட்டிக்கொண்டு வந்தாள். காலைக்கூடத் தூக்காமல் குட்டைக்குள்ளே சர்ரென்று விட்டு இந்தப் பக்கம் ஏறினாள். "என்னாங்க, வண்டி நின்னுபோச்சா? தள்ளி வுடவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

"தண்ணி சுத்தமா இல்ல பீரு" என்றார் சடையப்பன்.

திருப்ப இடமில்லாமல், வந்த வழியெல்லாம் ரிவர்ஸிலேயே வந்தார்கள். ஒவ்வொரு இலைக்கும் வண்டி பீப் பீப் என்று அலறியது. அந்த அலறலுக்கு நடுவிலும் சடையப்பன் சஸ்பென்ஷனைப் புகழ்ந்தார், சீட்டைப் புகழ்ந்தார், பிறந்ததிலிருந்து இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை என்றும் சொன்னார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

பீர் முகமது இறங்கிக் கதவில் விழுந்த கீறலைத் தடவிப் பார்த்தார். அதுவரை முகத்தில் இருந்த குறும்பு போய்விட்டிருந்தது.

"சரிங்கண்ணே. மனசு திருப்தி ஆயிடுச்சு. நான் வண்டியும் வாங்கல, ஒன்னும் வாங்கல. எங்கிட்ட ஏது அவ்ளோ காசு? பஸ்ஸுல ஒரே பேச்சு. சடையப்பண்ணன் ரவுண்டானாவுல நம்மளப் பாக்குற பார்வையே சரியில்ல, வண்டி வாங்கிட்டுத் தவிக்கிறாருன்னு பாதிப் பேரு. இல்ல, ராஜாவாட்டம் இருக்காருன்னு பாதிப் பேரு. அதான் நான் உங்க சீட்டுல உக்காந்து, என் சீட்டுல துண்டு போட்டு, ஒருத்தனையும் அண்டவிடாம வெச்சிக்கினு வந்தேன். எப்பவாச்சும் வந்துருவீங்கன்னு நெனச்சேன். நீங்க இவ்ளோ சந்தோஷமா இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. முதல் சுரங்கத்துலேர்ந்து மாத்தலாகி அப்துல் வஹீதுன்னு ஒருத்தர் வந்திருக்காரு, முட்டி வலியோட நின்னுக்கினு வராரு. நாளைக்குப் பூஜையில அவரை உக்கார வெச்சிடுறோம்."

சடையப்பன் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து வந்தது இதுதான்: "நல்லா செய்யி பீரு. எனக்கு எதுக்கு சீட்டு?"

டூவீலர் தெருமுனை திரும்பிய பிறகும் அவர் அங்கேயே நின்றார். வீட்டுக்குள் வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். செந்தாமரை வடகத் துணியை உதறிக்கொண்டிருந்தாள்.

"செந்தாமரை, இந்த வண்டிய வித்துடலாம்."

"ஏன், என்னா ஆச்சு? பீர் அண்ணங்கிட்ட அந்தப் பெருமை பேசிக்கினு இருந்தீங்க, உள்ள வரைக்கும் கேட்டுது."

"அத்தனையும் பொய்" என்றார் சடையப்பன். அதற்கப்புறம் அவரால் நிறுத்த முடியவில்லை. "தனியா போறேன், தனியா வரேன். காலையிலேர்ந்து ஒரு மனுஷன்கூட மனசுவிட்டுப் பேசறதில்ல. அந்த பஸ்ஸுல இருந்த வரைக்கும் நான் யாரோ ஒருத்தனா இருந்தேன். இப்ப வண்டிக்கு டிரைவர், அவ்ளோதான். ஊரு சிரிச்சாலும் பரவால்ல. நான் பஸ்ஸுக்கே போறேன்."

செந்தாமரை துணியை மடித்து வைத்தாள். "போங்க. யாரு வேணாங்கறது? அதுக்கு வண்டிய ஏன் விக்கணும்?"

"வெச்சிக்கினு? வடகம் காயப் போடவா?"

"நான் ஓட்டுவேன்."

சடையப்பன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் பீரோவைத் திறந்து, சேலைக்கு நடுவிலிருந்து ஒரு லைசென்ஸை எடுத்து அவர் மடியில் போட்டாள். அவள்தான் படத்தில் இருந்தாள், கொஞ்சம் முறைத்தபடி.

"எப்ப கத்துக்கின?"

"நீங்க பல்லு டாக்டரு, மில்லுக்காரரு, கான்ட்ராக்டருன்னு ஊரு பூரா கருத்து கேட்டுக்கினு திரிஞ்சீங்களே, அப்ப. ஞாயித்துக்கெழம நீங்க மத்தியானத் தூக்கம் போடும்போது இதையும் எடுத்துக்கினு ஒன்னு ரெண்டு தடவ சுத்திட்டு வந்தேன்." அவள் குரல் கொஞ்சம் ஏறியது. "ஊருல இருக்கற ஓனருங்க எல்லாரையும் கேட்டீங்க. எங்கப்பா நிலத்த வித்த காசு. ஆர்.சி. புக்குல இருக்கறதும் என் பேரு. என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

சடையப்பன் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மையிலேயே அது அவருக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"சரி, இப்ப கேக்குறேன். வண்டி எப்படி?"

செந்தாமரை லைசென்ஸை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "கல்யாணம் ஆயி இந்த நகரியத்துக்கு வந்தப்ப சைக்கிள் கேரியர்ல உக்கார வெச்சிக் கூட்டிக்கினு போனீங்க. அப்புறம் ஸ்கூட்டர் பின்சீட்டு. எங்க போனாலும் உங்க முதுகத்தான் பாத்துக்கினு போனேன். இதுல ஸ்டியரிங் பக்கம் ஏறி உக்காந்தா, ரோடு தெரியுதுங்க. ரொம்ப தூரத்துக்குத் தெரியுது. எனக்குப் புடிச்சிருக்கு."

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் வாழைக்கன்று கட்டிய பஸ் கிளம்பத் தயாராக நின்றது. பூஜை முடிந்து எலுமிச்சம்பழங்கள் நசுங்கியாகிவிட்டன. அதன் பின்னால் அந்தப் பெரிய வண்டி வந்து நின்றது. பக்கத்து சீட்டிலிருந்து சடையப்பன் டிபன் பையோடு இறங்கினார். வழியெல்லாம் பிரேக்கு பிரேக்கு என்று கத்தி, செந்தாமரையிடம் இரண்டு தடவை திட்டு வாங்கியிருந்தார். பஸ்ஸுக்குள் இருந்த தலையெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது.

அவர் படியேறினார். ஜன்னலோரத்தில், மடியில் பொரி பொட்டலத்தோடு, அப்துல் வஹீத் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பீர் முகமது.

"என்னண்ணே, வண்டி ரிப்பேரா?" என்று டிரைவர் சின்னதுரைதான் கேட்டார். அந்தத் தகர டப்பா பேச்சை அவர் மறந்திருக்கவில்லை.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். சடையப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "வண்டி நல்லாத்தான் இருக்கு சின்னதுரை. எனக்குத்தான் புத்தி ரிப்பேரு. உங்கள எல்லாம் வுட்டுட்டு என்னால அதுல போவ முடியல. அன்னிக்குப் பேசனது தப்பு. நின்னுக்கினே வரேன், என்னய ஏத்திக்குங்க. பீரு, நேத்து நான் சொன்னதுல ஒன்னுகூட நெசமில்ல."

"தெரியுங்கண்ணே. உங்க வாயாலயே வரட்டும்னுதான் சும்மா இருந்தேன். பொய் சொன்னா உங்களுக்கு மூக்கு வேர்க்கும். ஏசி போட்டும் வேர்த்துது" என்றார் பீர் முகமது.

பஸ் முழுக்கச் சிரித்தது. அப்துல் வஹீத் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். சடையப்பன் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். குடுத்தா குடுத்ததுதாங்க, உக்காருங்க என்றார். யாரோ அவர் கையில் பொரியைத் திணித்தார்கள். யாரோ டிபன் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். பஸ் குலுங்கிக்கொண்டு கிளம்பியது. முன்னால் நின்றவர் முழங்கை விலாவில் இடித்தது, பின்னால் நின்றவர் காலை மிதித்தார். சடையப்பனுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ரவுண்டானாவில் பின்னாலிருந்து ஒரு ஹாரன் கேட்டது. பெரிய வண்டி பஸ்ஸைத் தாண்டி, கீறல் விழுந்த கதவோடு, சேத்தியாத்தோப்பு ரோட்டில் பறந்தது. ஸ்டியரிங்கில் செந்தாமரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்துல் வஹீத் ஜன்னல் வழியாக அதையே பார்த்துவிட்டு, ஆசையோடு தலையைத் தூக்கினார். "அண்ணே, வண்டி எப்படிங்க இருக்கு?"

"எனக்கு என்னா தெரியும்?" என்றார் சடையப்பன், வாய் நிறையப் பொரியோடு. "ஓனரைத்தான் கேக்கணும். அதோ போறாங்க."